கொப்லென்ஸ் நீங்கலாக

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதத்தில், லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கிறிஸ்துநாயகம், கோட்டைக் கழற்றுவதற்கு முன்னரே ரைன் நதியைக் கைப்பற்றுவது என்று முடிவெடுத்துவிட்டார்.

"டொலறஸ், இந்த சமர் லீவுக்கு நாங்கள் ஜேர்மனி போறம்."

குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மனைவியின் கத்தி நின்றது.

"தம்பியட்டயோ?"

"தம்பியட்ட இல்லை. ஆத்துக்கு."

கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது.

"அந்த ஆறு தம்பியின்ர ஊருக்காலதானே போகுது."

"ஆறு ஆயிரம் ஊருக்கால போகும். எல்லா ஊரிலயும் நாங்கள் இறங்கத் தேவையில்லை."

டொலறஸின் ஒரே தம்பி யாக்கோப்பு. ரைன் கரையில் கொப்லென்ஸ் என்ற நகரத்தில், ஓர் உணவுக்கடைக் குசினியில் வேலை. அவன் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன நாளிலிருந்து அக்காவும் தம்பியும் முகம் பார்த்ததில்லை. ரெலிபோனில் குரல் கேட்டதோடு சரி. அதற்குக் காரணம் போரும் இல்லை, விசாவும் இல்லை. கிறிஸ்துநாயகம்தான்.

எண்பத்து நாலில் அத்தானும் மச்சானுமாக இரண்டு பேரும் சேர்ந்துதான், கொப்லென்ஸுக்குப் போவதாக ஜேர்மனியில் வந்து இறங்கினார்கள். பிராங்பேர்ட் ஸ்ரேசனில் யாக்கோப்பு, "அத்தான், இதில அசையாமல் நில்லுங்கோ, தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அசையாமல் நிற்பது கிறிஸ்துநாயகத்துக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. எதிர்ப்பக்கம் ஒரு ரயில் வந்தது. பலகையில் 'கொ' என்று தொடங்குகிற மாதிரி ஏதோ தெரிந்தது. ஏறி, இரண்டு பேருக்கும் இடம் பிடித்து உட்கார்ந்தார். இடம் நல்ல இடம். ரயில்தான் பிழை. அடுத்த நாள் பவேரியாவில் ஒரு சின்ன ஸ்ரேசனில் பொலிஸ்காரர் அவருக்குச் சூப் வாங்கிக் கொடுத்தார்கள்.

இதை யாக்கோப்பு மனதுக்குள் வைத்திருந்திருக்கலாம். வைத்திருக்கவில்லை. பாரிஸில் நடந்த ஒரு கலியாண வீட்டில் சொன்னான். சூரிச்சில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டில் சொன்னான். சொல்லச் சொல்ல ரயில் கிழக்கே போய்க்கொண்டேயிருந்தது. கடைசியாகக் கேள்விப்பட்டபோது அது ஒஸ்திரியா எல்லையைத் தாண்டிவிட்டிருந்தது. லண்டனில் கிறிஸ்துநாயகம் குட்மேய்ஸ் பக்கம் பெற்றோல் ஸ்ரேசன் ஒன்றுக்கு மனேச்சர் ஆனதும், "அதுதான் அத்தானுக்குச் சரியான வேலை, அந்த ஸ்ரேசனில ரயில் வராது" என்று யாக்கோப்பு சொன்னதாக ஒரு செய்தி வந்தது. அதோடு ஒரு பட்டமும் வந்தது. பிளாற்போம் நாயகம்.

அன்றைக்குச் சபதம் போட்டார். இனி அவன் வாசல் மிதிப்பதில்லை.

ஆனால் ஜேர்மனியை அவரால் மறக்க முடியவில்லை. அந்த நாட்டுக்கு ஒரு தடவை சரியாகப் போய், சரியான ரயிலில் ஏறி, சரியான இடத்தில் இறங்கிக் காட்ட வேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை புழுவாக நெளிந்துகொண்டிருந்தது. இப்போது பிரிட்டிஷ் பாஸ்போட் கைக்கு வந்துவிட்டது. கடலுக்கு அடியால் ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. மகள் மன்செஸ்ரரில் படிக்கப் போனதால் சாப்பாட்டு மேசை முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

லைபிரரியிலிருந்து ஐரோப்பாவின் ரயில் அட்டவணைப் புத்தகம் வந்தது. தலையணை மொத்தம். கப்பல்காரருக்குக் கடிதம் போட்டு நேரப் பிரசுரங்கள் வரவழைத்தார். மேசையில் ரைன் பள்ளத்தாக்கை விரித்து, நாலு மூலைக்கும் நாலு மிளகாய்த்தூள் போத்தல் வைத்தார். வேலையால் வந்ததும் கால் கழுவிவிட்டு நதிக்கரையில் குந்திவிடுவார்.

ஆரம்பத்தில் வீறாப்புக்காகத் தொடங்கியதுதான். ஆனால் போகப்போக அந்த ஆறு அவரைப் பிடித்துக்கொண்டது. இரண்டு கரையிலும் ரயில் பாதை ஓடுகிறது. எதிரெதிராக மலை, மலை நுனியில் கோட்டை. ஒரு கோட்டையோ ஆற்றுக்கு நடுவிலேயே கட்டியிருக்கிறது. ஏன் அப்படிக் கட்டினார்கள்? யார் அங்கே மாவும் சீனியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்? வேலையிடத்தில் பெற்றோல் அடிக்க வந்த ஒரு ஜேர்மன் லொறிக்காரனைப் பிடித்துவைத்து அரைமணித்தியாலம் விசாரித்தார். அவன் வடக்கு ஜேர்மனிக்காரன். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கிறிஸ்துநாயகம்தான் அவனுக்கு விளங்கப்படுத்தி அனுப்பினார்.

திட்டம் இதுதான். கொப்லென்ஸிலிருந்து ஆற்றோட்டத்துக்கு எதிராக நன்றாக மேலே, பிங்கன் என்ற ஊரில் ஒரு கிழமைக்கு அறை. அங்கேயிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு பயணம். ரயிலில் போய்க் கப்பலில் வரலாம், கப்பலில் போய் ரயிலில் வரலாம். எந்தப் பயணமும் பொப்பார்ட் என்ற ஊருக்குக் கீழே போகாது. ஏனென்றால் அதற்குக் கீழே கொப்லென்ஸ்.

டொலறஸ் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருப்பாள். கேள்வி மட்டும் கேட்பாள்.

"இந்தப் பாறையில என்ன படம் போட்டிருக்கு?"

"அதுதான் லோறலை. அதுக்கு மேல ஒரு பொம்பிளை இருந்து சீப்பால தலை இழுக்கிறவவாம். அவவைப் பாத்துப் பாத்து மாலுமியள் கப்பலைக் கொண்டுபோய்ப் பாறையில மோதிறவையாம்."

"அவ தன்ர பாட்டுக்குத் தலைதானே இழுத்தவ. அவை ஏன் ஆத்தைப் பாக்காமல் அவவைப் பாத்தவை?"

கிறிஸ்துநாயகம் பென்சிலைச் சீவினார்.

ஒருநாள் அவர் மேசையிலிருந்து துள்ளி எழும்பினார். "இஞ்ச வாரும், இதைப் பாரும். ஒரே கப்பல், ஒரே தூரம். கீழ போகேக்க ரெண்டு மணித்தியாலம் எண்டால் மேல வரேக்க நாலு மணித்தியாலத்துக்குக் கிட்டக் காட்டுது. அச்சுப் பிழை எண்டு நினைச்சன். பிழையில்லை. தண்ணி. எதிர்த்தண்ணி."

"அப்பிடியோ."

"அப்ப நாங்கள் என்ன செய்யவேணும்? காலமை பிங்கனில கப்பல் ஏறிக் கீழ பாய்ச்சலில போய், பொப்பார்ட்டில இறங்கி, ரயிலில திரும்பி வரவேணும். புத்தி."

டொலறஸ் வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"எனக்கெண்டா காலமை ரயிலில போய்க் கப்பலில வாறதுதான் நல்லம் போல. பாய்ஞ்சு போனா என்னத்தைப் பாக்கிறது? ஆறு எண்டா ஆறுதலாப் பாக்கவேணும் அப்பா."

கிறிஸ்துநாயகம் யோசித்தார். ஆறு, ஆறுதல். நல்லாயிருக்கிறது. அடுத்த நாள் வேலையிடத்தில் அதைத் தன்னுடைய வசனமாகவே இரண்டு பேருக்குச் சொன்னார். திட்டத்தையும் அப்படியே மாற்றினார்.

"கப்பல் எங்கயிருந்து வெளிக்கிடுது?" என்று இன்னொரு நாள் கேட்டாள்.

"கொப்லென்ஸிலயிருந்து. அது பறவாயில்லை. கப்பலோட எனக்குக் கோவமில்லை. நாங்கள் பொப்பார்ட்டில ஏறுறம்."

"ரெண்டு கப்பல் போட்டிருக்கே."

"ஒண்டு பழைய நீராவிக் கப்பல், பக்கத்தில சில்லுப் பூட்டினது. அதிலதான் போறம். மற்றது சும்மா வெள்ளைக் கப்பல்."

"வெள்ளைக் கப்பலில சமைச்ச சாப்பாடு எண்டு படம் போட்டிருக்கு."

"சாப்பாட்டுக்கே ஆத்துக்குப் போறம்?"

"நாலு மணித்தியாலம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். எனக்குப் பசி கிடக்க ஏலாது. அந்தச் சில்லுச் சத்தத்துக்குத் தலையிடியும் வரும்."

நீராவிக் கப்பலை விட்டுக்கொடுப்பது அவருக்கு ஒரு பல்லைப் பிடுங்கினது போல இருந்தது. ஆனாலும் தம்பியைப் பார்க்காமல் வர ஒத்துக்கொண்ட மனுசிக்கு ஒரு கப்பலையாவது விட்டுக்கொடுக்க வேண்டாமா? பெருந்தன்மையோடு வெள்ளைக் கப்பலைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார்.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து கோவில் கார்த்தரிப்பில் பஸ்தியாம்பிள்ளை மறித்தார். கோவில் பாடகர் குழுவில் பாடுகிறவர். குரலும் வாயும் பெரிசு.

"நாயகம் அண்ணை, ஜேர்மனி போறியளாம்."

"ஓம்."

"கொப்லென்ஸோ?"

"கொப்லென்ஸ் நீங்கலாக."

"பெரிய நாடுதான். எண்டாலும் கவனம் அண்ணை, அங்க பிளாற்போம் கனக்க."

கிறிஸ்துநாயகம் காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். டொலறஸ் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

ஆடியில் வெளிக்கிட்டார்கள். பிரசெல்ஸில் மாறி, கொலோனில் மாறினார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் பலகையைப் பார்த்து, புத்தகத்தைப் பார்த்து, ரயில் கார்டைக் கேட்டு, கார்ட் சொன்னதை இன்னொரு பயணியிடம் விசாரித்து, அதன் பிறகே மனைவியை ஏறவிட்டார். ரயில் பிழைக்கவில்லை. ஆனால் பிங்கனுக்குப் போகிற ரயில் கொப்லென்ஸுக்குள்ளால்தான் போகும். அதற்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஸ்ரேசன் வந்ததும் வரைபடத்தை முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டார்.

டொலறஸ் எழும்பி வழிநடைக்குப் போனாள்.

"எங்க போறீர்?"

"காத்துப் பிடிக்க."

வரைபடத்தின் மடிப்பு ஓட்டைக்குள்ளால் பார்த்தார். அவள் நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றாள். பிளாற்போமில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஒரு கிழவன் நாயோடு நின்றான். அவ்வளவுதான். அவள் அந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் வெளிக்கிட்டு ஸ்ரேசன் மறையும் வரைக்கும் பார்த்தாள். கிறிஸ்துநாயகம் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, "பிங்கனில நல்ல கேக் விப்பினமாம்" என்றார். அவள் "ஓம்" என்றாள்.

முதல் நாள் பயணம் வெற்றி. பக்கத்து ஊர்கள்தான். பகராக் என்ற ஊரில் ரயில் நின்றபோது, பதினொரு வருசத்துக்குப் பிறகு ஜேர்மன் ரயில் ஒன்று அவரை அவர் நினைத்த இடத்திலேயே இறக்கியது. பிளாற்போமில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பிறகு ஆற்றங்கரையில் குந்தி இருந்து சரக்குப் படகுகளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு படகின் பின்பக்கமும் ஒரு சின்ன வீடு. யன்னலுக்குத் திரைச்சீலை, கொடியில் உடுப்பு, கூரையில் கார். "காரை எப்பிடி இறக்குவினம்?" என்று டொலறஸ் கேட்டாள். "இருந்து பாப்பம்" என்றார் அவர். பின்னேரம் வரைக்கும் இருந்தார்கள். ஒருவரும் கார் இறக்கவில்லை. ஆனாலும் கலியாணம் கட்டிய காலத்துக்குப் பிறகு இரண்டு பேரும் இவ்வளவு நேரம் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் கப்பல் பயணம். பிளாற்போமைச் சரிபார்க்க அவர் முன்னதாகவே ஸ்ரேசனுக்கு நடந்தார். "நீர் அறையைப் பூட்டிக்கொண்டு வாரும்."

டொலறஸ் கொஞ்சம் பிந்தித்தான் வந்தாள். மூச்சு வாங்கியது.

ரயில் ஆற்றோரமாக ஓடியது. எதிர்க்கரையில் லோறலைப் பாறை எழும்பியது. கிறிஸ்துநாயகம் மனைவியின் பக்க யன்னலைக் கையால் மறைத்தார். "இப்ப பாக்காதையும். இதைத் தண்ணியில இருந்துதான் பாக்கவேணும். அதுக்குத்தானே ஆறு மாசம் திட்டம் போட்டது."

பொப்பார்ட்டில் வெள்ளைக் கப்பல் கொப்லென்ஸ் பக்கமிருந்து வந்து அணைந்தது. மேல்தட்டில் முன்வரிசையில் இடம் பிடித்தார். கப்பல் எதிர்த்தண்ணியில் மூச்சுப் பிடித்துக்கொண்டு ஏறியது. கரையோரம் வெள்ளைப் பலகைகளில் பெரிய பெரிய இலக்கங்கள். அவை கிலோமீற்றர் கணக்கு என்று கண்டுபிடித்து மகிழ்ந்தார். டொலறஸ் கீழே போய்ச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். போனவள் வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்ன, கண்?"

"காத்து."

வெயிற்றர் தட்டுக் கொண்டுவந்து வைத்தான். பொரித்த மீன், உருளைக்கிழங்கு. அவருடைய தட்டின் ஓரத்தில் மட்டும் ஒரு சின்னக் கிண்ணம். அதற்குள் சிவப்பாக என்னவோ. கிறிஸ்துநாயகம் கரண்டி நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். அப்படியே இருந்தார்.

"டொலறஸ். இது இடிச்ச சம்பல்."

"அப்பிடியோ."

"அப்பிடியோ இல்லை. செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூ, பழப்புளி. ஜேர்மன்காரனுக்கு இடிச்ச சம்பல் எப்பிடித் தெரியும்?"

இன்னொரு கரண்டி எடுத்தார். நெற்றியில் வியர்வை பொடித்தது. மூளை ஓடத் தொடங்கியது.

"பொறும், எனக்கு விளங்குது. இந்த ஆறு எங்க போய்க் கடலில விழுகுது? ஒல்லாந்தில. ஒல்லாந்தர் எங்க இருந்தவங்கள்? யாழ்ப்பாணக் கோட்டையில. அவங்கள் அங்க சாப்பிட்டுப் பழகி, ஊருக்குக் கொண்டுவந்து, அங்கயிருந்து படகுக்காரர் ஆத்தால மேல கொண்டுவந்திருக்கினம். நூத்துக்கணக்கான வருசமா இந்தச் சம்பல் எதிர்த்தண்ணியில ஏறியிருக்கு. இதை ஒருத்தரும் எழுதேல்லை."

"இருக்கலாம்," என்றாள் டொலறஸ். "சமையல்காரனைக் கேட்டுப் பாருங்கோவன். பரம்பரையா வந்ததோ எண்டு."

அவர் கிண்ணத்தைக் கையிலெடுத்துக்கொண்டு எழும்பினார். கப்பல் சென்ற் கோவார் என்ற ஊரின் துறையில் நின்றுகொண்டிருந்தது. ஏணியால் இறங்கி, குசினிக் கதவைத் தட்டித் திறந்தார். உள்ளே புகை, எண்ணெய்ச் சத்தம், இரண்டு ஜேர்மன் பெண்கள். அடுப்படியில் முதுகு காட்டிக்கொண்டு நின்ற வெள்ளைத் தொப்பிக்காரனிடம், ஆறு மாசமாகப் படித்து வைத்திருந்த ஜேர்மனில், "மன்னிக்கவேண்டும் ஐயா, இது எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார்.

வெள்ளைத் தொப்பி திரும்பியது.

"எங்கட கரவெட்டியிலயிருந்து அத்தான்," என்றான் யாக்கோப்பு. "இந்த உயிர்த்த ஞாயிறோட கடையை விட்டிட்டுக் கப்பலுக்கு வந்திட்டன். அக்கா சொல்லேல்லையோ?"

கிறிஸ்துநாயகம் திரும்பி ஏணியைப் பார்த்தார். மேலே துறைப்பாலத்தை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. கப்பல் அசைந்தது.

"அடுத்த துறையில நான் இறங்குறன்."

"இறங்குங்கோ. ஆனா ஒபர்வேசல் வரச் சுணங்கும். எதிர்த்தண்ணி."

"எனக்குத் தெரியும் எதிர்த்தண்ணி எண்டு."

யாக்கோப்பு உருளைக்கிழங்குப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தான். அவர் இருக்க விரும்பவில்லை. ஆனால் கப்பல் வளைவில் சரிந்ததில் தானாகவே இருந்துவிட்டார். இரண்டு ஜேர்மன் பெண்களும் அவரை உற்றுப் பார்த்து ஒருவருக்கொருவர் ஏதோ மெல்லச் சொல்லித் தலையாட்டினார்கள்.

"என்ன சொல்லுகினம்?"

"உங்களைத் தெரியும் எண்டினம்."

"ரயில் இப்ப எங்க நிக்குது?"

யாக்கோப்பு தலையைக் குனிந்தான். "வியன்னாவில."

எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தான்.

"அத்தான், அண்டைக்கு நான் தேத்தண்ணியோட வந்து பாத்தன், நீங்கள் இல்லை. ரெண்டு கப்பையும் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொரு பிளாற்போமா ஓடினனான். பாஷை தெரியாது. ஆரையும் கேக்க ஏலாது. அக்காவின்ர மனுசனைத் துலைச்சுப்போட்டன், இனி அவவுக்கு என்னெண்டு எழுதுறது எண்டு அழுதழுது திரிஞ்சனான். அதைப் பகிடியாச் சொன்னாத்தான் என்னால சொல்லவே ஏலுது."

பதினொரு வருசமாக அந்த ரயிலுக்குள் இருந்த மனுசனை மட்டுமே கிறிஸ்துநாயகம் நினைத்திருக்கிறார். பிளாற்போமில் நின்றவனை ஒரு நாளும் நினைத்ததில்லை. கிண்ணத்தை மடியில் வைத்தார்.

"அந்தத் தேத்தண்ணிக்கு என்ன நடந்தது?"

"ஆறிப்போச்சு. குடிச்சிட்டன்."

"என்ரையையும்?"

"உங்கடையையும்தான்."

முதலில் சிரித்தது யார் என்று இரண்டு பேருக்கும் பிறகு ஞாபகமில்லை. டொலறஸ் ஏணிப்படியில் வந்து நின்றபோது, புருசன் உருளைக்கிழங்குப் பெட்டியில் இருந்து சோறும் சம்பலும் குழைத்துத் தின்றுகொண்டிருந்தார். தம்பி பக்கத்தில் நின்று மீன் போட்டுக்கொண்டிருந்தான்.

"லோறலை போயிட்டுது அப்பா," என்றாள். "வடிவாத்தான் இருந்தது."

ஒபர்வேசல் வந்தது, போனது. அப்போது அவர் வாய் நிறையச் சோறு. ஆற்றுக்கு நடுவிலிருந்த கோட்டை குசினியின் வட்ட யன்னலால் ஒரு தட்டளவுக்குத் தெரிந்தது. அதற்கு மாவும் சீனியும் எப்படிப் போனது என்று யாக்கோப்பைக் கேட்டார். அவனுக்கும் தெரியவில்லை.

பிங்கன் கிட்டியபோது மூன்று பேரும் மேல்தட்டில் நின்றார்கள். டொலறஸ் தம்பியின் முழங்கையைப் பிடித்தபடி விடாமல் நின்றாள். கிறிஸ்துநாயகம் வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்து, மன்னித்துவிட்ட மனுசனின் குரலில் பேசினார்.

"யாக்கோப்பு, நடந்தது போகட்டும். நாளைக்கு மத்தியானம் உன்ர வீட்டில ஒரு நேரச் சாப்பாட்டுக்கு வாறம். அதுக்குத் திட்டத்தில நான் இடம் ஒதுக்கிறன். ஒரு நேரம்தான். அதுக்கு மேல எதிர்பாக்கக் கூடாது."

யாக்கோப்பு அக்காவைப் பார்த்தான். அக்கா மலையைப் பார்த்தாள்.

கப்பல் துறையில் அணைந்தது. கிறிஸ்துநாயகம் பையைத் தோளில் போட்டார். டொலறஸ் போய்க் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டாள்.

"என்ன இருக்கிறீர்? பிங்கன் வந்திட்டுது. அறைக்குப் போகவேணும்."

"அறையைக் காலி பண்ணித் திறப்பைக் காலமையே குடுத்திட்டன்."

"அப்ப பெட்டியள்?"

"நீங்கள் ஸ்ரேசனுக்குப் போன கையோட தம்பியின்ர மனுசி றோஸ்மலர் காரில வந்து ஏத்திக்கொண்டு போட்டா. அதுகள் இந்நேரம் கொப்லென்ஸில. இந்தக் கப்பலும் இப்ப திரும்பி அங்கதான் போகுது. நாங்கள்தான் அப்பா பிந்திப்போனம்."